நல்ல பக்கம்

எனக்குக் கெடுதல் செய்தவர்களில் முதல் ஆள் டாக்டர் கோமதிநாயகம். முதல் ஆள் என்றால் காலத்தில் முதல் இல்லை, தம்பி. காலத்தில் பார்த்தால் அவனுக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது. அளவில் முதல். அவன் என்னைத் தொட்டபோது டாக்டர்கூட இல்லை. பரீட்சைக்கு நின்றுகொண்டிருந்தான்.

நீங்கள் இந்தப் பக்கம் மாறி உட்காருங்கள். வலது பக்கம் இருந்தால், பஸ் குலுங்கும்போது நீங்கள் என்மேல் சாய்ந்தாலும் எனக்குத் தெரியாது. கக்கத்திலிருந்து கையின் உள்பக்கம் முட்டி வரைக்கும், கீழே விலா வரைக்கும் தோல் செத்துக் கிடக்கிறது. போன மாதம் ஒரு அம்மா சூடான தூக்குச்சட்டியை அங்கே அண்டக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினபோது உலகம்மாள்தான் கொப்புளத்தைப் பார்த்தாள். உலகம்மாள் என் வீட்டுக்காரி. நான் வெள்ளைப்பாண்டி. கொத்தனார்.

கையில் எக்ஸ்ரே உறை வைத்திருக்கிறீர்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்துதானே வருகிறீர்கள்? நான் அங்கே இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். வேலைக்கு இல்லை. கேஸாக.

கேஸ் என்றால் தெரியாதா? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி வருஷம் இரண்டு விதமாகப் பரீட்சை நடக்கும். எழுதுகிற பரீட்சை ஒன்று, ஆளைத் தொட்டுப் பார்க்கிற பரீட்சை ஒன்று. தொட்டுப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும் இல்லையா? வார்டில் கிடக்கிறவர்களை வைத்தே நடத்தினால் பாதிப் பேர் அன்றைக்குக் காய்ச்சலில் கிடப்பார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள். அதனால் வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். மாறாத நோய் உள்ள ஆள் வேண்டும். தொட்டால் வலிக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வந்து, சட்டையைக் கழற்றி, முப்பது பேர் தொட்டாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருத்தன் கிடைத்துவிட்டால் விட மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கார்டு வரும். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் கார்டுதான்.

எனக்குப் பிறக்கும்போதே இடது மார்பில் சதை இல்லை. காம்பு மட்டும் சின்னதாக, மேலே தள்ளி, ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஒரு பெரிய டாக்டர் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். கக்கம் என்பது ஒரு அறை என்றார். முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். உள்பக்கம் விலா எலும்பு ஒரு சுவர், வெளிப்பக்கம் கை எலும்பு ஒரு சுவர். மேலே போகப்போகக் குறுகி, கழுத்தெலும்புக்குப் பின்னால் ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத்தான் கைக்கு வேண்டிய ரத்தக்குழாயும் நரம்பும் இறங்குகிறதாம். முன்சுவர் மார்புச் சதை. பின்சுவர் முதுகிலிருந்து வருகிற சதை. சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் இடது அறைக்கு முன்சுவர் கட்டாமல் விட்டுவிட்டார்கள். தெருவில் நின்று பார்த்தால் அடுக்களை தெரியும்.

அது இல்லாததால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. சாரத்தில் ஏறுவேன், மேல்கூரை பூசுவேன், எல்லாம் வலது கை பார்த்துக்கொள்ளும். குறை வந்தது ஒரு இடத்தில்தான். எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது பண்ணையார் வீட்டுக் களத்துக்கு அப்பாவோடு போனேன். எங்கள் ஆட்கள் அங்கே நின்றால் தோளில் துண்டு இருக்கக் கூடாது. மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். என் வலது கையில் நெல் அள்ளின ஓலைக் கடகம் இருந்தது. துண்டை இடது கக்கத்தில் வைத்தேன். அங்கே பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? விழுந்தது. எடுத்து வைத்தேன். விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது, “வேணும்னுட்டு கீழ போடுதாம்ல” என்றார் பண்ணையார். அப்பா என்னை அவர் கண் முன்னாலேயே அடித்தார். பண்ணையார் அடிக்கவில்லை. அடிக்க விட்டார். அது வேறு கணக்கு. அவர் செத்தும் போய்விட்டார். அதை விடுங்கள்.

என்னைக் கண்டுபிடித்தது மந்திரமூர்த்தி. ஆபரேஷன் வார்டில் உதவியாளராக இருந்தான். சாரத்திலிருந்து விழுந்து காலில் தையல் போடப் போன இடத்தில் என் சட்டை கிழிந்து கிடந்தது. பார்த்துவிட்டான். “வேய், உமக்குத் தெரியுமா, நீரு பெரிய பொக்கிஷம்லா” என்றான். அடுத்த மாதமே பரீட்சையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். மரநாற்காலி, கை வைத்தது.

என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். சாப்பாடு, முட்டை, பஸ் செலவு. அதற்காகப் போகவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் வருவார்கள். பெரிய பெரிய வீட்டுப் பிள்ளைகள். “ஐயா, வணக்கம். சட்டையைக் கழட்டிக்கிறீங்களா ஐயா? தொட்டுப் பாக்கலாமா ஐயா?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்காவிட்டால் மார்க் குறையும், அது அவர்களுக்குப் பாடம், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறான் இல்லையா? என்னிடம் கேட்டுவிட்டுத்தானே கையை வைக்கிறான்? வேறு எந்த இடத்தில் எவன் என்னிடம் கேட்டான்?

கேஸாக உட்காருகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்லக் கூடாது, உங்களிடம் சொன்னால் என்ன. பெரிய டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினதும் விடையைச் சொல்லிவிடுவோம். பிள்ளைகள் பாவம். எனக்கு அடுத்த நாற்காலி செல்லக்கனி. கழுத்துக் கட்டிக்காரி. அவள் பரீட்சைப் பிள்ளைகளை அதட்டுவாள். “என்னல முழிக்க? தைராய்டு. எச்சி முழுங்கச் சொல்லு, கட்டி மேல ஏறுதான்னு பாரு. பின்னால நின்னு பாரு, முன்னால நிக்காத. போன வருஷம் உன்ன மாதிரி ஒருத்தன் முன்னால நின்னே பெயிலாப் போனான்.” பெரிய டாக்டர் திரும்பினால் வாயில் சேலை முந்தியை வைத்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

நான் அதட்ட மாட்டேன். மெதுவாகச் சொல்வேன். “எடது பக்கம். பொறப்புலயே. பெக்டோராலிஸ் மேஜர் இல்ல. ரெண்டு கையையும் இடுப்புல வச்சு அழுத்தச் சொல்லு, வலதுல சதை எந்திரிக்கும், எடதுல எந்திரிக்காது.” எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் மார்புச் சதையின் அந்த இரண்டு வார்த்தைப் பெயரை எந்தப் பெரிய டாக்டரும் என்னைவிடச் சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் நாற்காலிக்கு வந்து பெயிலான பிள்ளை கிடையாது. ஒருத்தன்தான். அவனைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. நல்ல பக்கத்தை முதலில் பார், அதற்குப் பிறகு கெட்ட பக்கத்தைப் பார் என்பார்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தான் கெட்டது தெரியுமாம். ஆனால் விடையைக் காதில் வாங்கினவன் எதற்கு நல்ல பக்கத்தைப் பார்க்கப் போகிறான்? நேராக இடது பக்கத்துக்கு வந்துவிடுவான். என் வலது கக்கத்தை வருஷக்கணக்கில் ஒருத்தனும் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியம் இல்லாமல் நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது என் உதவி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம், குளிக்கும்போது சோப்பு ஒரு இடத்தில் இடறியது. வலது கக்கத்தில், உள்சுவர் ஓரமாக, புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. உருண்டது. உலகம்மாள் முதுகு தேய்க்கும்போது அவள் கையிலும் பட்டுவிட்டது.

“இது என்னது?”

“ஒண்ணுமில்ல. வேர்வைக் கட்டி.”

“தை மாசத்துல என்ன வேர்வை? நீங்கதான் டாக்டருக நடுவுலயே உக்காந்திருக்கீயள்லா, ஒரு ஆள்ட்ட காட்டிட்டு வாங்க.”

“பரீட்சை முடியட்டும்” என்றேன்.

பரீட்சை மாசியில். அதற்கு முன்னால் காட்ட முடியாது. ஏன் என்றால் அதற்கு முந்தின வருஷம் ஒரு காரியம் நடந்தது. குடலிறக்கத்துக்கு வருகிற பரமசிவன் என்று ஒருத்தர், பதினைந்து வருஷமாக வருகிறவர், காலில் புண்ணோடு வந்தார். பெரிய புண் இல்லை. மந்திரமூர்த்தி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். “ஒரு ஆளுக்கு ஒரு நோய்தான் வே. ரெண்டு இருந்தா பிள்ளையளு கொழம்பிரும், பெரியவங்களுக்குள்ள சண்டை வந்துரும். நீரு போயிட்டு வாரும்.” அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பரமசிவனுக்குக் கார்டு வரவில்லை. புண் ஆறி, வெயிலில் நடந்து வந்து காட்டினார். நாற்காலி போனது போனதுதான்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவசரப்பட்டு யாரிடமும் காட்டாதது என் குற்றம் இல்லை என்பதற்காக.

மாசியில் போனேன். நாலு நாள் பரீட்சை. இரண்டாம் நாள் காலையில் என் முன்னால் கோமதிநாயகம் வந்து நின்றான். ஒல்லியாக, காது இரண்டும் விடைத்துக்கொண்டு, கோட்டு அவனுக்குப் பெரிதாக இருந்தது. வணக்கம் சொன்னான். சட்டையைக் கழற்றச் சொன்னான். பரீட்சை நடத்த வந்திருந்த வெளியூர்ப் பெரிய டாக்டர் செல்லக்கனி பக்கம் நின்றார். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். “எடது பக்கம். பொறப்புலயே...”

“ஐயா, சொல்லாதீங்க” என்றான்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னேன்.

“வேண்டாம் ஐயா. நானே பாத்துக்கிறேன்.”

இருபத்திரண்டு வருஷம், தம்பி. வாயை மூடு என்று எவனும் என்னிடம் சொன்னதில்லை. பக்கத்தில் செல்லக்கனிக்கும் கேட்டிருக்கிறது. “பெரிய மகராசன் வந்துட்டான், தானா பாப்பானாம்” என்று முந்திக்குள் முனங்கினாள். அவன் செய்த முதல் குற்றம் அது.

இரண்டாவது குற்றம், அவன் வலது பக்கத்துக்கு வந்தான். என் வலது கையைத் தூக்கித் தன் கையின்மேல் படுக்க வைத்துக்கொண்டான். தொட்டிலில் போடுகிற மாதிரி. “பாரத்தை எம்மேல விடுங்க ஐயா, தளர்வா விடுங்க” என்றான். நானும் விட்டுவிட்டேன். அப்படிப் பிடித்தால் யார் கையும் தளர்ந்துவிடும். விரல்களை மேலே வரைக்கும் ஏற்றி, அந்த வாசல் வரைக்கும் போய், விலாவை ஒட்டி மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

நின்றது. திரும்ப அதே இடத்துக்கு வந்தது. உருட்டிப் பார்த்தது.

என் முகத்தைப் பார்த்தான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே தண்ணீர்த் தொட்டியில் காக்கா உட்கார்ந்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என்னிடம் ஏதோ சொல்லத்தான் திறந்தான். அந்த நேரம் பெரிய டாக்டர் திரும்பி, “யெஸ்?” என்றார். அவன் திறந்த வாயோடு அவர் பக்கம் திரும்பிவிட்டான். எனக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னான். இங்கிலீஷில் சொன்னான்.

ரைட் என்றான். ஸ்வெல்லிங் என்றான். எனக்கு அதெல்லாம் புரியும்.

பெரிய டாக்டர் மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார். அதில் என் நம்பருக்கு நேரே லெஃப்ட் என்றுதான் எழுதியிருக்கும். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. திரும்பவும் ரைட் என்றான். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் பக்கம் வந்து, “கையத் தூக்குங்க பெரியவரே” என்று கக்கத்தில் இரண்டு விரலைக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்சுவரை இறுக்கினால் உள்ளே விரல் போகாது. அந்தச் சதை பலகை மாதிரி நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் அதைத்தான் சொல்கிறார்கள், “தளர்வா விடச் சொல்லு, இல்லேன்னா ஒண்ணும் தெரியாது.” நான் தளர்வாக விடவில்லை. வேண்டுமென்று செய்தேன் என்று சொல்ல முடியாது. புது ஆள் திடீரென்று கையை வைத்தால் உடம்பு இறுகத்தானே செய்யும்.

“வலது பக்கம் கட்டி ஏதும் இருக்கா பெரியவரே? எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

“இல்ல ஐயா” என்றேன்.

“நிச்சயமா?”

“எனக்கு எடது பக்கம்தான் ஐயா.”

“ஒண்ணுமில்ல” என்று அவர் விரலை எடுத்துக்கொண்டார். கோமதிநாயகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்து இடது பக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள்.  பெக்டோராலிஸ் என்பதற்கே மூன்று தடவை முட்டினான். மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் மந்திரமூர்த்தி டீ வாங்கிக்கொடுத்தான். “அந்தக் காதன் என்னமோ ஒளறினானாமே வே. உமக்கு ஒண்ணும் இல்லல்லா?” என்றான். “எனக்கு என்ன” என்றேன். டீ நன்றாக இருந்தது.

அவன் பெயிலானது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். செல்லக்கனி சொன்னாள். அவன் அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், ரிசல்ட் அன்றைக்குக் கல்லூரிக்கு வந்து மகனோடு ஒரு பேச்சும் பேசாமல் திரும்பிப் போனாராம். கேட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மாதம்தானே? பெயிலானவனுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பரீட்சை உண்டு. போனது அவனுக்குத் திரும்பி வந்துவிடும்.

உலகம்மாள் கேட்டாள், “காட்டினீயளா?” என்று. “பெரிய டாக்டரே கைய வச்சுப் பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு” என்றேன். பொய் இல்லை. பார்த்தார், சொன்னார்.

அந்த ஆறு மாதத்தில் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. வலது காம்புக்குக் கீழே இன்னொன்று கல் மாதிரி. ஆவணியில் கார்டு வந்தது, போனேன். பெயிலான பிள்ளைகளுக்கு நடக்கிற பரீட்சை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்தேன். மந்திரமூர்த்தி தண்ணீர்ச் செம்போடு வந்தவன் அப்படியே நின்றான்.

“வேய். இது என்னது வே?”

அன்றைக்கே என்னை வாசலைத் தாண்டி அழைத்துக்கொண்டு போனான். பரீட்சைக் கட்டிடத்திலிருந்து நோயாளிகள் கட்டிடத்துக்கு. இடையில் ஒரு வேப்பமரம், ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, அவ்வளவுதான் தூரம். மார்புப் புற்றுநோயாம். ஆம்பிளைக்கும் வருமாம். இந்த வியாதி வருகிற நூறு பேரில் ஒருத்தர் ஆம்பிளையாம். எனக்கு எல்லாம் அப்படித்தான், தம்பி. நூறில் ஒன்று. முதலில் ஊசி மருந்து போட்டார்கள், நாலு மாதம். முடி கொட்டியது. வாயில் ருசி செத்தது. உலகம்மாள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அப்புறம் ஆபரேஷன். கட்டி சதையில் ஒட்டிவிட்டது, முன்சுவரையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உள்ளே இருந்த மற்றக் கட்டிகளையும் வழித்து எடுத்தார்கள். அந்த அறைக்குள் ஒரு சின்ன நரம்பு குறுக்கே போகுமாம், கையின் உள்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு. அதைக் காப்பாற்ற முடியவில்லை என்றார்கள். சரி என்றேன்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்க ஒரு டாக்டர் வந்தான். காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பாஸாகி, அங்கேயே பயிற்சி டாக்டராகச் சேர்ந்திருக்கிறான். கட்டைப் பிரித்தான், துடைத்தான், மருந்து வைத்தான்.  நானாகக் கேட்டேன்.

“என்னைத் தெரியுதா?”

“தெரியுது ஐயா.”

“அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

பஞ்சைத் தட்டில் வைத்தான். “சொன்னேனே ஐயா. நீங்கதான் இல்லேன்னு சொன்னீங்க.”

“நீ அவர்ட்ட சொன்ன. எங்கிட்ட சொல்லல.”

அவன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

“கட்டி எனக்குத்தான இருந்துச்சு? அவருக்கா இருந்துச்சு? பரீட்சை முடிஞ்சு வெளியே வந்திருக்கலாம். வராந்தால நான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ஐயா, உங்க வலது கக்கத்துல கட்டி இருக்கு, போய்க் காட்டுங்கன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?”

“எனக்கு அன்னைக்கு...” என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். “ஐயா, உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டவன் நான். கேள்விக்குக் கேள்வி பதில் ஆகுமா, நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்பது இல்லை பேச்சு. படித்தவன் சொல்ல வேண்டும். சொன்னால் நான் கேட்டிருப்பேனா, கேட்டிருக்க மாட்டேனா, அது அதற்கு அடுத்த விஷயம்.

அவன் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்துத் திரி மாதிரி முறுக்கினான். “கண்ணை மூடுங்க ஐயா. நான் தொடும்போது சொல்லுங்க” என்றான். மூடினேன். வார்டில் யாரோ இருமினார்கள். யாரோ மாத்திரைத் தட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரமாக அவன் ஒன்றும் செய்யவில்லை.

“தொடலாமே” என்றேன்.

“ஏழு தடவை தொட்டுட்டேன் ஐயா” என்றான்.

கண்ணைத் திறந்தால் அவன் தலையைக் குனிந்துகொண்டு தாளில் எழுதிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, அடுத்த மாசியில் நானாகவே பரீட்சைக்குப் போனேன். கார்டு வரவில்லை, மறந்திருப்பார்கள் என்று போனேன். மந்திரமூர்த்தி ரிட்டயர் ஆகிற வருஷம் அது. என் சட்டையை விலக்கிப் பார்த்தான், இரண்டு பக்கத்தையும் பார்த்தான்.

“ஒப்பிட்டுப் பாக்க நல்ல பக்கம்னு ஒண்ணு வேணும்லா வே” என்றான். “ரெண்டும் ஒண்ணு போல இருந்தா பிள்ளை எதை வச்சு என்னத்தச் சொல்லும்?”

செல்லக்கனி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் நாற்காலியில் வீங்கிய காலோடு ஒரு சின்ன வயசுக்காரன். அவனிடம் யாரோ, “ஐயா, தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

கையை இப்போது தோளுக்கு மேலே தூக்க முடியாது. பூச்சு வேலை போயிற்று. குடையைக் கக்கத்தில் இடுக்கினால் இருக்கிறதா விழுந்ததா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உலகம்மாள் சில சமயம் என் கையைக் கக்கத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். வலது கையை. அவள் பிடித்திருக்கிறாள் என்று நான் கண்ணால் பார்த்தால் உண்டு. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது எங்கே போகிறேன் என்று கேட்கிறீர்களா? இன்னும் நாலு ஸ்டாப் தள்ளி ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, மஞ்சள் பெயிண்ட் அடித்தது. கோமதிநாயகத்துக்கு அங்கேதான் வேலை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரியாஸ்பத்திரி எனக்குப் பக்கம், இது தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனாலும் மாதம் ஒரு தடவை வருகிறேன். இது ஒன்பதாவது மாதம்.

சீட்டு வாங்கி வரிசையில் உட்காருவேன். என் முறை வந்து உள்ளே போனால் அவன் எழுந்து நிற்பான். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவான். சட்டையைக் கழற்றிக்கிறீங்களா ஐயா என்று இப்போதும் கேட்கிறான். இங்கே மார்க் போட யாரும் இல்லை, இருந்தும் கேட்கிறான். முதலில் இடது பக்கம் பார்ப்பான். இப்போது அதுதான் நல்ல பக்கமாம். பிறகு வலது கையைத் தூக்கித் தன் கையின்மேல் போட்டுக்கொண்டு, மேலே, முன்னால், பின்னால், உள்ளே, வெளியே என்று ஒவ்வொரு இடமாக விரலை வைப்பான். வைக்கிறானா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன், தோல் சொல்லாது இல்லையா. ஒவ்வொரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்கிறான். “இங்க ஒண்ணுமில்ல ஐயா. இங்கயும் ஒண்ணுமில்ல.” தமிழில்தான் சொல்கிறான். என்னிடம்தான் சொல்கிறான். வெளியே இருபது பேர் காத்துக்கிடக்கிறார்கள், நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்க்கிறாள், அவன் நிறுத்துவதில்லை.

உலகம்மாள் சொல்கிறாள், இதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. நான் என்ன சொல்ல வேண்டும்? எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுக்குப் புரியாது.

இல்லை என்று அவன் மாதத்துக்கு ஐந்து தடவை சொல்கிறான். இருந்த அன்றைக்கு, இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வர வேண்டியது. வார்டில் ஒரு தடவை கேட்டாயிற்று, இரண்டாவது தடவை கேட்க மாட்டேன். தர வேண்டியவன் அவன். தருகிற வரைக்கும் மாதாமாதம் போய், அவன் முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்காருவேன்.